நான் மைக்கில் சொன்ன சங்கதி

மச்சான்,

நேற்று அக்கரப்பத்தனை பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் சீட் கிடைத்தது. நீ போன இந்த எட்டு மாதத்தில் எனக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். லிந்துலையில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். பாவாடைக்குக் கீழே கால் இரண்டும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்துக் காய்ந்திருந்தன. பஸ் நாலு வளைவு திரும்பிய பிறகுதான் வாசனை வந்தது. துணி துவைக்கிற மஞ்சள் சவுக்காரம். மலையில் அட்டை ஏறாமலிருக்கப் பூசியது.

மற்ற ஆட்களுக்கு மல்லிகைப் பூ மணத்தில் நெஞ்சடைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குத் துணிச் சவுக்காரத்தில் அடைத்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டேன். கண்டக்டர் என் வயதைப் பற்றியும் என் காதைப் பற்றியும் சிங்களத்தில் ஒரு கருத்துச் சொன்னான். முழு பஸ்ஸும் சிரித்தது. கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்துப் பேர் வாங்கியவன் நான். அவன் அளவுக்குச் சுருக்கமாக என்னால் ஒருநாளும் சிரிக்கவைக்க முடிந்ததில்லை. மழையில் திரும்பி நடந்தேன்.

நடந்தது உன் வீட்டுக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது, ஒரு நடை வந்து போங்கள் என்று புஷ்பராணி போன் பண்ணியிருந்தாள். நான் போனதற்கு எனக்கென்று வேறொரு காரணமும் இருந்தது. இருபத்தொரு வருசமாக உன்னிடம் கேட்காமல் தள்ளிப்போட்டுவந்த மன்னிப்பை உன் மனைவியிடமாவது கேட்டுவிட வேண்டும். உன்னிடம் கேட்க நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லலாம்தான். ஞாயிறு தவறாமல் நாம் சீட்டுக் கடதாசி விளையாடினோம். அதற்கு நேரம் இருந்தது.

அந்தக் காலத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தோம். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் புது மாஸ்டர், புது மாப்பிள்ளை. நீ கவ்வாத்துக்காரன், தேயிலைச் செடியைக் கத்தியால் தறித்துவிடுகிறவன். புஷ்பராணி கொழுந்து எடுத்தாள். அவளுடைய அண்ணன்மார் மூன்று பேரையும் பகைத்துக்கொண்டு நீ கட்டிய கல்யாணம். லயத்து நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் கருவாடு என்றால் நமக்கும் கருவாட்டு வாசம், பக்கத்து வீட்டில் சண்டை என்றால் நமக்கும் தூக்கம் இல்லை. பன்னிரண்டு காம்பராவிலும் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, யார் மருமகள் எதற்காகத் தாய் வீட்டுக்குப் போனாள் எல்லாம் எனக்கு அத்துப்படி. உங்கள் வீட்டிலிருந்து மட்டும் எனக்கு ஒன்றும் தேறவில்லை. ஆனால் மழைக் காலத்தில், ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு நீங்கள் கிளம்புவதற்கு முன்னால், சுவருக்கு அந்தப் பக்கம் மெல்லிய பேச்சுக் கேட்கும். நடுவில் அவளுடைய சிரிப்பு. கால் மணி நேரம். வெயில் காலத்தில் கிடையாது. என்னைப் போன்ற வம்புக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய வேதனை என்று நினைத்துப் பார்.

ஒரு விடியற்காலை நெருப்புப்பெட்டி கேட்கிற சாக்கில் வந்தேன். கதவு திறந்திருந்தது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் அவள் பலகையில் உட்கார்ந்திருந்தாள். நீ தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் வைத்துச் சவுக்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு விரலிடுக்காக, அவசரமில்லாமல். என்னைக் கண்டதும் அவள் காலை இழுத்தாள். நீ விடவில்லை. "பொறுடா, இன்னொரு காலு இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நெருப்புப்பெட்டி இருக்கிற இடத்தைத் தலையாலேயே காட்டினாய்.

இன்னொரு நாள் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, தினமும் அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டேன்.

"பேசறதுக்கு என்னா இருக்கு" என்றாய். "காலைப் புடிச்சா பேச்சு தானா வருது."

யாரிடமும் சொல்லாதே என்று நீ சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பாய்.

சுவருக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரி செல்விக்கும் காது இருந்தது. அப்போது அவள் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். மலைக்குப் போகிற பெண்கள் விட்டுப்போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். ஒரு மழை விடியலில், உங்கள் பக்கத்துச் சிரிப்பைக் கேட்டபடி, "ஒங்களுக்கு அப்பிடி ஒன்னும் தோணாதாங்க?" என்றாள். "ஒன்னையதான் அட்டை கடிக்காதே" என்றேன். நல்ல ஜோக் என்று எனக்குப் பட்டது. அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். சிரிப்பை அடக்கத்தான் திரும்பினாள் என்று நம்பினேன். ஆனால் அன்றையிலிருந்து உன்மேல் எனக்கு ஒரு எரிச்சல் ஏறிவிட்டது. இதை நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

அந்த வருசம் கீழ் டிவிசனில் ஒரு கல்யாணம். வழமைபோல மைக் என் கையில். என் பேச்சு உனக்கு மனப்பாடம்: காதல் என்பது தேயிலை மாதிரி, வாரம் தவறாமல் கொழுந்து எடுக்க வேண்டும், விட்டால் முற்றிப்போகும். நாற்பது கல்யாணத்திலாவது அதைச் சொல்லியிருப்பேன். தேயிலைக்காரர்கள் முன்னால் தேயிலையைச் சொன்னால் கை தட்டுவார்கள். அது உண்மையா என்று எவரும் நின்று பார்ப்பதில்லை. அன்றைக்கு அதுவும் எடுபடவில்லை. பந்தலுக்குப் பின்னால் சாப்பாட்டு வாசனை கிளம்பி, ஆட்கள் எழும்பத் தொடங்கிவிட்டார்கள். எழும்புகிற கூட்டத்தைத் திரும்ப உட்காரவைக்க எனக்கு ஏதாவது ஒன்று அவசரமாக வேண்டியிருந்தது. நீ மூன்றாம் வரிசையில், மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் தடுமாறுவது உனக்கு மட்டும் தெரிகிற மாதிரி என்னைப் பார்த்தாய். தைரியம் சொல்கிற பார்வை அது.

"மாப்பிள்ளைக்கு ஒரு புத்தி சொல்றேன். தாலி கட்டுனா மட்டும் பத்தாது. மழ பெஞ்சா பொண்டாட்டி காலைப் புடிச்சி சவுக்காரம் போட்டு விடணும். எப்பிடின்னு தெரியாட்டி, அந்தா ஒக்காந்திருக்காரு பாருங்க, அவருகிட்ட கேளுங்க. வெரலிடுக்கு வரைக்கும் சொல்லிக் குடுப்பாரு."

எழும்பிய கூட்டம் உட்கார்ந்தது. என் வாழ்நாளில் அப்படிச் சிரிப்பு வாங்கியதில்லை. சமையல்காரர்கள் அகப்பையோடு வெளியே வந்து என்ன விசயம் என்று கேட்டார்கள்.

திரும்பி வரும்போது தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நீ முன்னால் நடந்தாய், மகள் உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "இனிமே அத எப்பிடிடா செய்யிறது?" என்றாய். "செய்யிறப்ப ஒன் மைக்குதான் காதுல கேக்கும்."

சவுண்டைக் குறைத்து வைத்துக்கொள் என்றேன். மச்சான், நான் அதைத்தான் சொன்னேன்.

நம் தோட்டத்தில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் விழுந்தால் அது பிறப்புச் சான்றிதழைவிடப் பலமானது. மறுநாள் பெரட்டில் கங்காணி உன் பெயரைக் கூப்பிடவில்லை, "சவுக்காரம்" என்று கூப்பிட்டார். கவ்வாத்துக் கத்தியோடு நின்றவர்கள் எல்லாரும் சாரத்தை மடித்துக் கட்டி உன் முன்னால் வரிசையாகக் காலை நீட்டினார்களாம். பிறகு உன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தபோது பிள்ளைகள் அவளைச் சவுக்காரத்து மகள் என்றார்கள். எட்டு மாதத்துக்கு முன் உன் மரண அறிவித்தல் பதாகையை லயத்து இளைஞர்கள் அடித்துக் கட்டினார்கள், மிகுந்த பாசத்தோடுதான். உன் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் அதையும் போட்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் அடையாளம் தெரிய வேண்டாமா? அந்தப் பதாகைக்குக் கீழே நின்று வந்தவர்களுக்குக் கை கொடுத்தேன்.

அந்தக் கீழ் டிவிசன் கல்யாணம் முடிந்து இரண்டு நாளில் மழை பிடித்தது. விடியற்காலை விழித்துக்கொண்டு சுவரைக் கேட்டேன். சட்டி வைக்கிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், கதவு. அவ்வளவுதான். அந்த வருசம் மழை நீண்டு பெய்தது. ஒரு மாதம் போல தினமும் கேட்டேன். அதன் பிறகு விழித்துக்கொள்வதை விட்டுவிட்டேன்.

பிறகு அவள் குவைத்துக்குப் போனாள். அட்டன் ஸ்டேஷனுக்கு நானும் வந்தேன் அல்லவா. அவள் பையை நீ தூக்கி வந்தாய். மேடையில் இருவரும் வேறு வேறு ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி நின்றீர்கள். புள்ளயப் பாத்துக்கங்க என்றாள். ம் என்றாய். ரயில் நகர்ந்ததும் உன் கை பாதி உயர்ந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டாய். ஆறு வருசம் கழித்து ஒரு சிவப்புக் கம்பளியும், அக்கரப்பத்தனைக் குளிருக்கு ஒரு மேசை விசிறியும் கொண்டுவந்தாள். அந்த விசிறியை வைத்து நான் எத்தனை கல்யாணத்தில் ஜோக் அடித்திருப்பேன்! நீங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. ஊர் உங்களை நல்ல ஜோடி என்றது. எனக்குத் தெரியும் என்று நான் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்: இந்த வீட்டு விளக்கை ஒரு பகிடியால் ஊதி அணைத்தவன் நான்.

நேற்று நனைந்துபோய் வந்து நின்றவனைப் புஷ்பராணி உட்காரவைத்துத் துவாய் கொடுத்தாள், தேத்தண்ணி கொடுத்தாள். மாப்பிள்ளை வட்டகொடைப் பக்கம், நல்ல பையனாம். கல்யாணத்தில் மாஸ்டர் மாமாதான் பேச வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். சரி என்றேன். பிறகு கோப்பையைக் கீழே வைத்தேன். எத்தனையோ மேடையில் பேசிய வாய், மச்சான், ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்க முடியவில்லை. அன்றைக்கு அந்தக் கல்யாணத்தில் நான் சொன்ன அந்தச் சங்கதி, என்று இழுத்தேன்.

"அத விடுங்கண்ணே. ஒங்களால ஒன்னும் இல்ல."

"பின்ன யாரால தங்கச்சி?"

"நானும் சிரிச்சேன்ல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்தாளாம். நான் சொன்னதும் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்களாம். வெட்கத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டாளாம். போதாததற்குப் பக்கத்தில் இருந்தவளிடம், வேண்டாம் என்றால் கேட்டால்தானே இந்த மனுசன், என்றும் சொன்னாளாம். சொல்லிவிட்டு நிமிர்ந்தால் நீ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அந்த ஒரு நிமிசம் நான் அவங்க பக்கம் போயிட்டேன்ண்ணே."

மறுபடி மழை வந்த நாளில் நீ சவுக்காரத்தை எடுத்து வந்து அவள் பக்கத்தில் பலகையில் வைத்தாயாம். வைத்துவிட்டு நின்றாய். நீ உட்காருவாய் என்று அவள் இருந்தாள். அவள் காலை நீட்டுவாள் என்று நீ நின்றாய். "நீட்டியிருக்கணும்" என்றாள். "வெக்கமா இருந்திச்சி. நாளைக்கு நீட்டலாம்னு நெனச்சேன். மூனாம் நாளு நானே போட்டுக்கிட்டேன்."

இத்தனை வருசத்தில் ஒருநாளாவது இதைப் பேசியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"எதன்னு பேசறது? சோறு போடவான்னு கேட்டேன். போடுன்னாரு."

பிறகு, தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பியவள், எழும்பிய இடத்திலேயே நின்று இன்னொன்றும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் உன் கால் இரண்டும் வீங்கிக் கிடந்ததாம். பார்க்கச் சகிக்காமல், தடவி விடட்டுமா என்று கேட்டாளாம்.

"வேணாம் புஷ்பம், ஆளுங்க பாப்பாங்கன்னாரு."

மன்னிப்புக் கேட்கப் போனவன் நான். கேட்கவில்லை. அவளிடம் கேட்டால், இல்லை அண்ணே என்னாலதான் என்பாள், நான் இல்லை என்னால்தான் என்பேன், ஒரு செத்துப்போன மனுசனை வைத்து இரண்டு பேரும் ஏலம் கூறிக்கொண்டிருப்போம். குடை கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். காதல் எதனால் நிலைக்கிறது என்று மைக்கில் நான் உளறாத உளறல் இல்லை. உன் வீட்டில் நடந்ததைப் பார்த்தால் அது நிலைக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. அதுதான் கொடுமை. நீ அவளைப் புஷ்பம் என்று கடைசிவரை கூப்பிட்டிருக்கிறாய். அவள் உன் காலைப் பார்த்துச் சகிக்காமல் இருந்திருக்கிறாள். இருபத்தொரு வருசம் இரண்டு பேரிடமும் அது அப்படியே இருந்திருக்கிறது, ஆளுக்கு ஒரு பக்கமாக, ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க வழி தெரியாமல். செத்திருந்தால் புதைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பீர்கள். உயிரோடு வைத்துக்கொண்டுதான் சோறு போடவா, போடு என்று காலம் தள்ளியிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்தபோது செல்வி குசினியில் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு இன்னொன்று உறைத்தது. மைக்கில் உன்னைச் சொன்னது ஒரே ஒரு தடவை. செல்வியைச் சொல்லாத கல்யாணம் கிடையாது. அவள் சுட்ட ரொட்டியை எறிந்து ஜன்னல் கண்ணாடி உடைந்த கதை, அவள் குறட்டைக்கு ரயில் நின்ற கதை, கல்யாணப் படத்தில் யானை யார் பாகன் யார் என்று தெரியாத கதை. ஒவ்வொன்றுக்கும் முன் வரிசையில் இருந்து முதல் ஆளாகச் சிரித்தவள் அவள்.

"நீயும் அப்பிடித்தான் சிரிச்சியா?" என்று கேட்டேன்.

"எப்பிடி?"

"வெக்கத்துல."

"இல்லங்க" என்றாள். "நீங்க என்னையச் சொன்னதும் ஆளுங்க மொதல்ல என் மொகத்தத்தான் பாப்பாங்க. நான் சிரிச்சா அவங்களும் சிரிப்பாங்க. நான் உம்முன்னு இருந்தா, மேல நிக்கிற ஒங்க மொகம் என்னாகும்?"

இத்தனை வருசம் என் திறமைக்கு விழுந்தது என்று நான் வீட்டுக்குத் தூக்கி வந்த சிரிப்பெல்லாம் இவள் முகத்தைப் பார்த்து ஊர் சிரித்தது. சரி, இவள் என்மேல் இவ்வளவு வைத்திருக்கிறாளே என்று, வெட்கம் கெட்டவன், ஒரு கணம் சந்தோசப்பட்டேன்.

"அப்ப இப்பயும்...?" என்றேன்.

"இப்பதான் நான் வாறதில்லையே."

முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது என்றுதான் மூன்று நாலு வருசமாகக் கல்யாண வீடுகளுக்கு வராமல் இருக்கிறாள். முழங்கால் என்று சொன்னாயே என்றேன். "வலிக்கத்தான் செய்யிது" என்று சொல்லிவிட்டு லீக்ஸை அள்ளிச் சட்டியில் போட்டாள். அந்தக் காலைத் தொடலாமா என்று எனக்கு ஒரு எண்ணம் ஓடியது. உன்னிடமிருந்து எடுத்த இன்னொரு ஜோக்காகத்தான் அது இருந்திருக்கும். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

உன் மகள் கல்யாணத்துக்காவது அவள் வருவாளா என்று கேட்டேன். நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றாள், மிகவும் அன்பாக.

அவள் கடைசியாக வந்தது எந்தக் கல்யாணம் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், மச்சான். எந்தக் கதையைச் சொன்னேன், என்ன சேலை கட்டியிருந்தாள், திரும்பி வரும்போது ஏதாவது பேசினாளா. ஒன்றும் வரவில்லை. பந்தலையும் மாப்பிள்ளையையும்கூட மறந்துவிட்டேன். கைதட்டல் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.